மஞ்சள் பெட்டிக்குள் பழுப்பு உப்பு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்கு வந்த முதல் நவம்பரில், எங்கள் தெரு மேட்டில் இருந்த மஞ்சள் பெட்டியைக் குப்பைத் தொட்டி என்றுதான் நினைத்தேன். இடுப்பு உயரம், சாய்வான மூடி, கெட்டியான பிளாஸ்டிக். கையில் கசங்கிக் கிடந்த சமோசாக் காகிதத்தைப் போடலாம் என்று மூடியைத் தூக்கினேன். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா வாசலில் நின்றபடி குரல் கொடுத்தார்: "தம்பி, அது குப்பை வாளி இல்லை. உள்ளுக்க உப்பு கிடக்கு. ஸ்னோ கொட்டினால் போடுறதுக்கு."

எட்டிப் பார்த்தேன். உப்பு என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாத நிறம். செங்கல் சூளைப் பக்கம் அள்ளிய மண் மாதிரி பழுப்பாக, ஈரமாக, கட்டி கட்டியாக இருந்தது. அதன் மேல் எனக்கு முன்னால் வந்த புத்திசாலிகள் போட்ட இரண்டு நாய்க்கழிவுப் பைகளும் ஒரு பியர் டின்னும் கிடந்தன.

பிரிட்டனில் இதை கிரிட் பின் என்பார்கள், சில ஊர்களில் சால்ட் பின். தமிழில் உப்புத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் மஞ்சள், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பகுதிகளில் கண்ணை உறுத்தாமல் இருக்கப் பச்சை நிறத்திலும் வைப்பதுண்டு. குளிர்காலத்தில் தெருவும் நடைபாதையும் உறைந்து வழுக்கும்போது அந்தத் தெருக்காரர்களே உப்பை அள்ளித் தூவிக்கொள்வதற்காக உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் வைக்கும் பெட்டி இது. "அந்தத் தெருக்காரர்களே" என்பதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. பெட்டி இருக்கிறதே, கவுன்சில் ஆள் வந்து தூவுவார் என்று இரண்டு குளிர்காலம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. வரவும் மாட்டார்கள். உப்பு கவுன்சிலுடையது, கை நம்முடையது, ஏற்பாடே அவ்வளவுதான்.

உறைபனிக்கு உப்பு என்ன செய்யும் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு சொல் சிக்கல். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் நமக்குப் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. இங்கே அதைப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். வானத்திலிருந்து பஞ்சாக விழுவது ஸ்னோ. இரவில் காற்றின் ஈரம் கார் கண்ணாடியிலும் புல்லிலும் வெள்ளைப் பொடியாகப் படிவது ஃப்ராஸ்ட். ஈரத் தரை அப்படியே கண்ணாடித் தகடாக உறைவது ஐஸ். இந்த மூன்றாவது வகையில் மெல்லியதாக, தெளிவாக இருப்பதை பிளாக் ஐஸ் என்கிறார்கள். அதற்கென்று தனி நிறம் கிடையாது, அடியில் இருக்கும் தாரின் கறுப்புதான் தெரியும். தரை வெறுமனே நனைந்திருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்பீர்கள். ஸ்னோ விழுந்தால் ஊரே ஜாக்கிரதையாக நடக்கும். பிளாக் ஐஸ் அன்றுதான் இடுப்பெலும்பு உடையும்.

இப்போது உப்பு. நம் ஊர் பானைக் குல்ஃபிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பானைக்குள் ஐஸைத் தட்டிப் போட்டு, அதன் மேல் கல்லுப்பைக் கொட்டி, நடுவில் பால் அடைத்த குழல்களைச் செருகியிருப்பார். வெறும் ஐஸ் சுழியம் டிகிரியிலேயே நின்றுவிடும், பால் கெட்டியாகாது. உப்பு சேர்ந்தால் பானைக்குள் சுழியத்துக்குக் கீழே குளிர் இறங்கும், பால் உறையும். அங்கே உறைய வைக்கிற உப்பு இங்கே சாலையில் உருக்குகிறதே, இது என்ன முரண் என்று தோன்றலாம். இரண்டு இடத்திலும் உப்பு செய்வது ஒரே வேலை: ஐஸை உருக வைப்பது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும். பானைக்குள் அந்த வெப்பத்தைப் பாலிடமிருந்து பிடுங்குகிறது, சாலையில் தரையிடமிருந்தும் காற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

நல்ல தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். 5 விழுக்காடு உப்பு கரைந்த தண்ணீர் ஏறக்குறைய மைனஸ் 3 வரை தாக்குப்பிடிக்கும். 10 விழுக்காடு என்றால் மைனஸ் ஆறரை. 23 விழுக்காட்டுக்குச் சற்று மேலே போகும்போது மைனஸ் 21 வரை இறங்கலாம். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் சாதா உப்பால் முடியாது. ஏட்டில் இருபத்தொன்று என்றாலும் நடைமுறையில் மைனஸ் ஏழெட்டுக்குக் கீழே போனாலே உப்பின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் இந்த விஷயத்தின் சூட்சுமமே பிடிபடும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போதும் என்பது இங்கே பொதுவாகச் சொல்லும் அளவு. அதை 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம், தரை லேசாக ஈரமாக இருக்கும்போதே தூவிவிட்டீர்கள். அந்த ஈரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் தண்ணீர். அதில் 20 கிராம் உப்பு கரைந்தால் 17 விழுக்காடு. இரவு மைனஸ் 10 அடித்தாலும் அது உறையாது. இதையே விட்டுவிட்டு, மழைத்தண்ணீர் தேங்கி ஒரு மில்லிமீட்டர் ஐஸாக இறுகிய பிறகு காலையில் வருகிறீர்கள். இப்போது சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஐஸ். அதே 20 கிராம் உப்பு அதில் 2 விழுக்காடுதான். வெளியே மைனஸ் 2 இருந்தாலே முழுவதையும் உருக்க அது பற்றாது. முந்தைய இரவு ஒரு கரண்டி செய்திருக்கும் வேலைக்கு மறுநாள் காலையில் பல கரண்டி கேட்கும்.

இந்தக் காரணத்தால்தான் பெரிய சாலைகளில் உப்பு லாரிகள் ராத்திரியே ஓடுகின்றன. கிரிட்டர் என்று பெயர். ஆரஞ்சு விளக்கு சுழல, பின்னால் ஒரு தட்டு சுழன்று உப்பை வீசிக்கொண்டே போகும். காற்றின் வெப்பநிலையைவிடச் சாலைப் பரப்பின் வெப்பநிலை முக்கியம். அதை அளக்கச் சாலையிலேயே உணர்கருவி பதித்திருக்கிறார்கள். தரை உறைநிலையை நெருங்கும் என்று முன்னறிவிப்பு வந்ததும் லாரிகள் கிளம்பிவிடும். ஸ்காட்லாந்தில் இந்த லாரிகளுக்குப் பெயர் சூட்டி விளையாடுவார்கள். ராபர்ட் பர்ன்ஸ் அவர்களுடைய தேசியக் கவிஞர். ஒரு லாரியின் பெயர் ராபர்ட் ப்ர்ர்ர்ன்ஸ். குளிரில் பல் கிட்டிப்போகும் சத்தத்தோடு படித்துப் பாருங்கள்.

ஆனால் லாரிகள் எல்லாத் தெருவுக்கும் வராது. பேருந்து ஓடும் சாலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை, ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். வீடுகள் மட்டும் இருக்கும் சிறு தெருக்களும் பெரும்பாலான நடைபாதைகளும் அந்த வரிசைக்கு வெளியே. லாரி வராத, ஆனால் வழுக்கினால் ஆபத்தான இடங்களுக்குத்தான் உப்புத் தொட்டி. ஷெஃபீல்டு போன்ற மேடு பள்ள ஊரில் அப்படி இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2014இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் இரண்டாம் நாள் ஓட்டம் யார்க்கில் தொடங்கி இங்கே முடிந்தது. கடைசியில் ஏறிய ஜென்கின் ரோட்டில் ஓரிடத்தில் சரிவு 33 விழுக்காடு, அதாவது மூன்று அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏற வேண்டும். ஜூலை வெயிலில் தொழில்முறை வீரர்களே மூச்சுத் திணறிய இடம். ஜனவரிக் காலையில் அந்த மாதிரிச் சரிவில் பால் வாங்கப் போகும் எழுபது வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் 2000 முதல் 2003 வரை விசித்திரமான நிலைமை. கிழக்கு சசெக்ஸ் கவுன்டி கவுன்சில் மீது, சாலையில் ஐஸ் இருந்ததால் விபத்தில் சிக்கிய ஒருவர் தொடர்ந்த வழக்கில், சாலையைப் பராமரிக்கும் கடமைக்குள் ஐஸை அகற்றுவது அடங்காது என்று 2000இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பிறகு 2003இல் ஒரு சட்டம் வந்து, 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆவது பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தது: ஸ்னோவாலும் ஐஸாலும் போக்குவரத்துக்கு ஆபத்து வராமல், நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு, சாலை நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். "நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு" என்ற சொற்களில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒவ்வொரு தெருவுக்கும் லாரி அனுப்பச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஒவ்வொரு தெருவிலும் தொட்டி வைக்கவும் கட்டாயப்படுத்தவில்லை.

வீட்டுக்காரருக்கும் கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் வீட்டின் முன்னால் இருக்கும் நடைபாதையைச் சுத்தம் செய்வது வீட்டு உரிமையாளர் தலையில் விழும். அதே சமயம் பெர்லினில் தனியாட்கள் நடைபாதைக்கு உப்புப் போடுவதையே தடை செய்திருக்கிறார்கள், மண்ணோ பொடிக்கல்லோதான் தூவலாம். இங்கிலாந்தில் அப்படி எந்தப் பொறுப்பும் வீட்டுக்காரருக்குக் கிடையாது. இல்லாததால் ஒரு வதந்தி வேர்விட்டது: நீயாகப் போய்ச் சுத்தம் செய்து, அதில் ஒருவர் வழுக்கி விழுந்தால், உன் மேல் கேஸ் போடுவார். ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டால் தப்பித்தாய். இந்தப் பயத்தைப் போக்கவே 2010இல் அரசு ஸ்னோ கோட் என்ற சிறு வழிகாட்டியை வெளியிட்டது. கவனமாகச் சுத்தம் செய்தவர் மீது வழக்கு வருவதற்கு வாய்ப்புக் குறைவு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் இரண்டு பேர் அந்த வதந்தியைத்தான் நம்புகிறார்கள். மண்வெட்டி பிடிக்காமல் இருக்க வசதியான வதந்தி என்பது என் சந்தேகம்.

ஸ்னோ கோட் 2010இல் வெளிவந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2009–10 குளிர்காலம் நீண்டு கடுமையாக இருந்து, நாட்டில் உப்பே தட்டுப்பாடானது. எந்த ஊருக்கு எவ்வளவு உப்பு என்று பங்கு பிரிக்க சால்ட் செல் என்று ஒரு குழுவை அரசு கூட்ட வேண்டியிருந்தது. போக்குவரத்து நிபுணர் டேவிட் குவார்ம்பி தலைமையில் ஒரு ஆய்வும் நடந்தது. அதன் மை காய்வதற்குள் 2010 டிசம்பர் வந்தது. பிரிட்டனில் நூறு ஆண்டுகளில் அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் இல்லை. கடலால் சூழப்பட்ட தீவில் உப்புக்குப் பஞ்சமா என்று தூத்துக்குடிக்காரர் சிரிப்பார். உப்பளத்தில் கடல்நீரைக் காயவிட்டு வாருவதற்கு இங்கே வெயில் ஏது? சாலை உப்பு பூமிக்கு அடியிலிருந்து வருகிறது. செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் 1844இல் நிலக்கரி தேடித் தோண்டியவர்களுக்கு உப்புப் பாறை அகப்பட்டது. டைனோசர்களின் தொடக்கக் காலத்தில், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வற்றிப்போன ஆழமற்ற கடலின் மிச்சம் அது. நூற்றைம்பது மீட்டருக்கு மேல் கீழே இறங்கி இன்றும் வெட்டி எடுக்கிறார்கள். வெட்டி முடித்த குகைகள் ஈரமே இல்லாமல், வெயில் மழை எந்தக் காலத்திலும் ஒரே வெப்பநிலையில் இருப்பதால் ஒரு பகுதியை ஆவணக் கிடங்காக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. சாலை உப்பு பழுப்பாக இருப்பதும் இந்தப் பிறப்பால்தான். உப்போடு ஒட்டிய களிமண்ணை யாரும் சுத்திகரிப்பதில்லை. சாப்பாட்டில் போட முடியாது, ஆனால் எங்கே தூவினோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

தொட்டி வேண்டும் என்றால் யாரைக் கேட்பது? சாலையைப் பராமரிக்கும் கவுன்சிலை. பெரும்பாலும் பெரிய நகரங்களில் நகர கவுன்சில், கிராமப்புறத்தில் கவுன்டி கவுன்சில். கிராமங்களில் பல சமயம் பாரிஷ் கவுன்சில் என்ற மிகச் சிறிய உள்ளூர் மன்றம் தன் காசில் தொட்டியை வாங்க, இடத்துக்கு அனுமதியைக் கவுன்டி கொடுக்கும். கேட்டவுடன் கிடைக்காது. சரிவு எவ்வளவு, வளைவோ சந்திப்போ உண்டா, லாரி வரும் சாலை பக்கத்தில் இருக்கிறதா, முதியோர் குடியிருப்போ பள்ளிக்கூடமோ அருகில் உண்டா, இன்னொரு தொட்டி எவ்வளவு தூரத்தில் என்று மதிப்பெண் போடும் கவுன்சில்கள் நிறைய. சமதளத் தெருவுக்கு அநேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். விண்ணப்பிப்பதை அக்டோபருக்கு முன்பே செய்துவிடுங்கள். ஸ்னோ விழுந்த அன்று போன் செய்கிறவர்கள் வரிசை நீளம். காலியான தொட்டியை நிரப்பச் சொல்வதும் அப்படித்தான். குளிர்காலத்துக்கு முன் ஒரு முறை நிரப்புவது வழக்கம், நடுவில் நிரப்புவது லாரிகளுக்கு ஓய்வு கிடைப்பதைப் பொறுத்தது. சில ஊர்களில் ஸ்னோ வார்டன் என்று தன்னார்வலர்களைச் சேர்த்து, மண்வெட்டியும் உப்பு மூட்டையும் கொடுத்து வைக்கிறார்கள்.

யாருக்கான உப்பு என்பதில்தான் சண்டை வரும். பொதுச் சாலைக்கும் பொது நடைபாதைக்கும் மட்டுமே. நம் வீட்டுக் கார் நிற்கும் இடத்துக்கும் தோட்டப் பாதைக்கும் கடையில் மூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குச் சமையல் உப்போ, பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் போடும் உப்போ போதும். ஒரு வருடம் எங்கள் தெருவில் ஒருவர் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மண்வெட்டியால் வாரி ஏற்றினார். அந்த யாழ்ப்பாணத்து அம்மா வெளியே வந்தார். அவரிடம் நேரடியாக ஒன்றும் பேசாமல், தொட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுவிட்டார். மனிதர் பாதி உப்பைத் திரும்பக் கொட்டிவிட்டுப் போனார்.

தொட்டியில் இருக்கும் உப்பின் கணக்கைப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் கால் டன் அளவுக்கு உப்பு கொள்ளும். சதுர மீட்டருக்கு 20 கிராம் என்றால் 12,500 சதுர மீட்டர். ஒன்றேகால் மீட்டர் அகல நடைபாதையில் 10 கிலோமீட்டர்! ஒரு தெருவுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தாராளமாகப் போதும். ஆனால் முதல் ஸ்னோ அன்றே பாதித் தொட்டி காலியாவதைப் பார்த்திருக்கிறேன். மண்வெட்டி மண்வெட்டியாக ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். குவியலாகக் கிடக்கும் உப்பு அங்கேயே ஒரு குழி போட்டு உருக்கிவிட்டு, மிச்சம் சாக்கடைக்குப் போகும்.

தூவும் முறை கோழிக்குத் தீவனம் போடுகிற மாதிரி. ஒரு சின்ன வாளியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கையுறை போட்ட கையால் வீசிக்கொண்டே நடக்க வேண்டும். விரலில் சின்ன வெட்டு இருந்தாலும் கையுறை கட்டாயம். ஏன் என்று ஒரு தடவை போட்டால் தெரியும். ஸ்னோ விழுந்து கிடந்தால் முதலில் வழித்துத் தள்ளுங்கள். அரை அடி ஸ்னோவின் மேல் உப்புத் தூவுவது வீண், மேலே சேறாகி ராத்திரி மறுபடி இறுகும். காலையிலேயே, ஆட்கள் மிதித்துக் கெட்டியாவதற்கு முன் இறங்கினால் வேலை பாதி. முதலில் நடுவில் ஒரு பாதை வெட்டிக்கொண்டால் நமக்கே காலூன்ற இடம் கிடைக்கும், பிறகு இரண்டு பக்கமும் தள்ளலாம். பக்கத்து வீட்டு வாசலையும் மழைநீர் வடிகாலையும் அடைக்காமல் தள்ள வேண்டும். வழித்த இடத்தில், சாயங்காலம் இருட்டும் முன், மெல்லியதாக உப்பு. ஏற்கெனவே ஐஸாக இறுகியிருந்தால் உப்பைத் தூவிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். முழுக்க உருகத் தேவையில்லை, தரையிலிருந்து பிடி விட்டிருந்தால் மண்வெட்டி முனையால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்.

வெந்நீர் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் செய்தோம், அதனால் சொல்கிறேன். வாசல் படியில் இருந்த ஐஸ் நொடியில் உருகியது, இரண்டு பேரும் சந்தோஷமாக உள்ளே போனோம். அந்தத் தண்ணீர் படியிலிருந்து நடைபாதைக்கு வழிந்து, அரை மணி நேரத்தில் அசல் பிளாக் ஐஸாக நின்றது. தபால்காரர் அதில் சறுக்கி, எங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு தப்பினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பார்த்த பார்வைக்குத் திட்டியிருந்தாலே தேவலாம்.

உப்பு இலவசமாகக் கிடைத்தாலும் அதற்கு வேறு விலை உண்டு. காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கும். செடி, புல் மேல் பட்டால் கருகும். நாயின் பாதத்தில் எரிச்சல் வரும், அது காலை நக்கினால் வயிற்றுக்கும் கேடு. வெளியே போய் வந்ததும் காலைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். இந்தச் சேதத்தில் கொழுத்த ஒரு ஆளும் உண்டு: டேனிஷ் ஸ்கர்விகிராஸ் என்ற சின்னஞ்சிறு வெள்ளைப் பூச்செடி. கடற்கரை உப்புமண்ணில் வாழ்ந்து வந்தது. ஆண்டுதோறும் உப்பு தின்று பழகிய நெடுஞ்சாலை ஓரங்கள் அதற்குக் கடற்கரை மாதிரியே ஆகிவிட, சாலையோடு சாலையாக உள்நாட்டுக்குள் புகுந்துவிட்டது. வசந்தம் தொடங்கும்போது மோட்டார்வேயின் நடுத்தடுப்பு ஓரம் உறைபனி படர்ந்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் இதுதான்.

தொட்டியின் மூடியை ஒவ்வொரு முறையும் இறுக்கி மூடுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கத் தொடங்கும், பிரிட்டிஷ் குளிர்காலத்தில் அதற்குக் கேட்கவே வேண்டாம். மழை புகுந்த தொட்டியில் உப்பு ஒரே பாறையாக இறுகிவிடும். கட்டியாகிவிட்டால் மண்வெட்டியின் முனையால் ஓரத்திலிருந்து குத்தி உடைக்கலாம், நடுவில் குத்தினால் மண்வெட்டிதான் வளையும். தொட்டி காலியாகி, கடையிலும் உப்பு தீர்ந்துபோன நாளில் மணலோ அடுப்புச் சாம்பலோ தூவலாம். ஐஸ் உருகாது, ஆனால் செருப்புக்குப் பிடிப்புக் கிடைக்கும். எதிர்வீட்டு அம்மா அதற்கென்றே பின்கட்டில் ஒரு வாளி மணல் வைத்திருக்கிறார், மேலே ஒரு பழைய தோசைக்கல்லைக் கவிழ்த்து மூடி.